படுதாவுக்குப் பின்னால் வேலுத்தாய்

மூன்று வருசம் முகம் திருப்பிக்கொண்டு போன அண்ணன் உக்கிரபாண்டி மறுபடி பேசிவிட்டான் என்று வேலுத்தாய் பூரித்துப்போயிருந்தாள். தங்கச்சி சர்ச்சில் போய் சாலமன்ராஜைக் கட்டிக்கொண்டதை மறந்துவிட்டானாம். 2004 ஆயுதபூஜைக்கு எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் போட்ட நாடகத்தில், மச்சானோடு நடிக்கிறேன் என்று அவனாகவே வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பாவி மகளுக்கு அது உறைக்கவில்லை.

சினிமா பேச ஆரம்பித்த காலத்தைப் பற்றிய பாட்டும் கூத்துமான நாடகம். நடிகனாக வரும் சாலமன்ராஜ் வாயை மட்டும் அசைப்பான். படுதாவுக்குப் பின்னால் மைக்கில் பாடுவதும் பேசுவதும் வேலுத்தாய். ஆம்பளை வாயில் பொம்பளைக் குரல் வந்தால் ஜனம் சிரிக்காமல் என்ன செய்யும்? கோபக்கார சினிமா டைரக்டர் வேசம் உக்கிரபாண்டிக்கு. அவன் நடிகனை அறைவதுபோல் கை ஓங்கும்போதெல்லாம் அவள் இரண்டு மரச்சட்டங்களைத் தட்டிச் சத்தம் கொடுக்க வேண்டும்.

முதல் அறைக்குத் தட்டினாள். இரண்டாவதுக்கும் தட்டினாள். மூன்றாவது சத்தம் அவள் தட்டாமலே கேட்டது.

படுதாவை விலக்கிப் பார்த்தாள். சாலமன்ராஜின் வாயெல்லாம் ரத்தம். அண்ணன் அவன் தலைமுடியைப் பிடித்து மேடைப் பலகையில் முட்டினான், நெஞ்சில் மிதித்தான்.

"ஏலே வேதக்காரா, சர்ச்சுக்குப் போற ஒனக்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதோ?" என்று பல்லைக் கடித்துச் சொன்னான். மைக் இல்லாததால் கூட்டத்துக்கு அது கேட்கவில்லை.

"அண்ணே, அடிக்காதண்ணே! அவுக செத்துருவாக!" என்று வேலுத்தாய் மைக்கில் கத்தினாள். அந்நேரம் பார்த்து சாலமன்ராஜின் வாய் வலியில் திறந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நாடகமில்ல சாமி, நெசமாவே கொல்லுதான்! யாராச்சும் வாங்க!"

விசில் பறந்தது. முன்வரிசையில் அவளைப் பெற்ற தங்கத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவளாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

வேலுத்தாய்க்கு வந்ததே ஒரு ஆங்காரம்! கையிலிருந்த மரச்சட்டத்தோடு பாய்ந்துபோய் அண்ணன் மண்டையில் ஒரே போடு போட்டாள். அவன் திரும்பி, "ஏத்தா, என்னையவா?" என்றான். இன்னொன்று போட்டாள். குப்புற விழுந்தான்.

சிரிப்பு நின்றது. தங்கத்தாய் மேடைக்கு ஓடிவந்தாள். பல் உதிர்ந்து கிடந்த மருமகனைத் தாண்டிப் போய் மகனை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, எம்புள்ளையக் கொன்னுட்டாளே!"

பத்துப் பேர் மேடையேறி வேலுத்தாயின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். சாலமன்ராஜைத் தூக்க ஒருவரும் குனியவில்லை.