மூன்று நாளுக்கொரு பேட்ச்

“பாக்கறதுக்குப் பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும். ஏமாந்துடாதீங்க,” என்று அன்று நர்ஸ் சொன்னார். “ஃபென்டனில். ஆபரேஷன்ல மயக்க டாக்டர் போடுற மருந்து. மார்ஃபினைவிட ஐம்பது, நூறு மடங்கு வீரியம்.”

“அப்ப எங்க வீட்டம்மாவுக்குச் சரிசமமா ஒரு ஆள் வந்தாச்சு,” என்றார் டிரைவர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. “அவங்க உடம்பு இந்த மருந்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் பழகியிருக்கு. பழகாத உடம்புல பட்டா முதல்ல தூக்கம் வரும். அப்புறம் மூச்சு குறைஞ்சுக்கிட்டே போகும். கூட இருக்கிறவங்க, அசந்து தூங்கறார்னு விட்டுடுவாங்க.”

அவர் தலையாட்டினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எச்சரிக்கைப் பலகைகளுக்குத் தலையாட்டியே முப்பது வருடம் ஓடியிருந்தது.

முதுகெலும்பில் புற்றுநோய் கொடுத்த வலிக்கு மனைவி தலையணை உறையைக் கடித்துக் கடித்து நூல் பிரித்து வைத்திருந்தாள். பேட்ச் ஒட்டிய மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாரத்தில், டீவி சத்தம் அதிகம் என்று அவரைத் திட்டினாள். பல மாதம் கழித்துக் கிடைத்த அந்தத் திட்டு அவருக்கு இனித்தது. அன்று அவள் தோளில் கைபோட்டபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை, குழந்தைகளை ஏற்றக் கிளம்பும் முன், ஸ்டியரிங் மேல் சாய்ந்தவரைப் பேருந்தில் உதவிக்கு வரும் ஆயாவால் உலுக்கி எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, மனைவியின் தோளிலிருந்த பேட்ச் கழன்று அவருடைய முழங்கைக்கு மேல் ஒட்டியிருந்தது. மாற்றுமருந்து போட்டு, மாலைவரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“கால் மணி நேரம் தாண்டியிருந்தா, உங்க வண்டி ரோட்டுல இருந்திருக்கும்,” என்றார் டாக்டர்.

வீட்டில் வெளியூர் சவாரி என்று சொன்னார். பழைய பேட்ச் எங்கேயோ விழுந்திருக்கும் என்று புதியதை ஒட்டினார். உண்மை தெரிந்தால் அந்த நிமிஷமே அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி தலையணை உறையைக் கடிக்கிறவள் அவள். குறட்டையைக் காரணம் காட்டி, கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நான்கு மாதம் ஆயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், பேட்ச் மாற்றும் நாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்த பழையதை உரித்து, பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, டப்பாவில் போட்டு மூடினார். கை கழுவினார். புதியதன் தாளைப் பாதி உரித்து, ஓரத்தை மட்டும் விரல்நுனியில் பிடித்தார்.

“ஏங்க, என்மேல மருந்து வாடை அடிக்குதா?” என்றாள், திரும்பாமலே.

“யாரு சொன்னா?”

“நீங்கதான் குறட்டையே விடறதில்லையே. நாலு மாசமா நானும் காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தானே கிடக்கேன்.”

அவர் மீதித் தாளை உரிக்கப் போனார்.

அவள் மெல்ல நகர்ந்து சுவரோரம் போனாள். கட்டிலில் அவருடைய பக்கத்து விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த இடத்தைக் கையால் தட்டினாள்.

“ஒட்டறத அப்புறம் ஒட்டிக்கலாம். கொஞ்ச நேரம் இங்க வந்து படுங்க.”