வீண் நேரம்

மாத்தளை டவுனில் மிளகும் கறுவாவும் வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றும் ஒரு கம்பனியில் ஸுபைதா கணக்கு எழுதினாள். வாரத்தில் ஆறு நாள் வேலை. தம்புள்ளைச் சந்தையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஸப்வான் வெள்ளி இரவு வந்து, சனி அந்தியில் திரும்பிவிடுவான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதைவிட வழியனுப்பியதே அதிகம்.

அதே வேலையை ஐந்து நாளில் முடித்துக் காட்டினால் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போனில் ஒரு செயலியை இறக்கி, எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பதியத் தொடங்கினாள். மாதக் கடைசியில் பார்த்தால், பில் எழுதிய நேரத்தைவிடப் பக்கத்து மேசை நாச்சியாவோடு பேச்சில் போன நேரம்தான் கூடுதல்.

நாச்சியா வயதில் மூத்தவள்; ஸுபைதா அவளை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் மௌத்தான பிறகு வேலைக்கு வந்தவள். யாரிடமாவது பேசினால்தான் அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே எழுதிய கணக்குகள் பிசகும், ஸுபைதா பிந்தி இருந்து திருத்துவாள். அடுத்த மாதம் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். நாச்சியா சில தடவை மேசையருகே வந்து நின்று பார்த்தாள். பிறகு வருவதை விட்டுவிட்டாள். வேலை ஐந்து நாளில் முடிந்தது.

சனிக்கிழமையை லீவாகக் கேட்டபோது முதலாளி நுஹ்மான் மறுக்கவில்லை. எப்படி முடிந்தது என்று காட்டச் சொன்னார். அவள் பெருமையோடு போனை நீட்டினாள். திரையை மெல்லத் தள்ளிக்கொண்டே போனவர் ‘வீண் நேரம்’ என்ற தலைப்பில் நின்றார். அதன் கீழ் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனைத் திருப்பிக் கொடுத்து, இந்தச் சனியிலிருந்தே லீவு என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஸப்வான் நிம்மதியாகச் சாப்பிட்டான். அவளுக்கோ, முதலாளி ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பதே மனதில் ஓடியது.

திங்கட்கிழமை எல்லோரையும் அதே செயலியைப் போனில் போடச் சொல்லியிருந்தார்கள். நாச்சியாவின் மேசை துடைத்து வைத்திருந்தது. காட்டுப் பக்கம் வில்கமுவையில் மிளகு சேர்த்துவைக்கப் புதிதாக எடுத்த ஸ்டோருக்கு அவளை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும். அந்தியானால் ரோட்டில் யானை நிற்கும். ஸுபைதா பல தடவை அழைத்தும் நாச்சியா போனை எடுக்கவில்லை.

மாதம் முடியுமுன் செய்தி வந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட நாச்சியா, ஸ்டோர் ஆள் ஒருவரின் மோட்டார்சைக்கிளில் ஏறி வந்திருக்கிறாள். வளைவில் யானை. திருப்பப் போய் வண்டி சரிந்தது. அவருக்குச் சிராய்ப்பு, அவளுக்கு இடுப்பெலும்பு முறிவு.

சனிக்கிழமை ஸுபைதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாச்சியா முகத்தைத் திருப்பவில்லை. கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

“உன்ட போனப் பார்த்துத்தான் என்ன மாத்தினாங்களாம். என்னப் பத்தி முதலாளிட்ட என்ன காட்டின?”

“நீங்க வந்து பேசுற நேரத்த, ராத்தா.”

“அதுக்கு என்ன பேர் வெச்சீந்த?”

பொய் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் ஸுபைதா உள்ளதைச் சொன்னாள்.

நாச்சியா கையை விட்டாள். “சரி. நீ போ. ஸப்வான் வந்தீப்பார்.”

திங்கட்கிழமை முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வில்கமுவைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றும், எல்லோருடைய நேரத்தையும் பார்த்து அவளே ஒருவரைத் தெரிவு செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

“என்னால ஏலாது முதலாளி.”

“அப்ப சனிக்கிழமை?”

“அது எனக்கு வேணாம்.”

அவர் தலையசைத்தார். “நல்லது. உங்கட நேரத்தையும் ஒருக்காப் பாப்போம்.”

அவள் வெளியே வந்தாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, போனில் அந்தச் செயலியைத் தொட்டுவிட்டு வேலையில் குனிந்தார்கள். அன்று முழுக்க அவள் பக்கம் யாரும் வரவில்லை.