குடிபூராத வீடு

வெள்ளிக்கிழமை காலைகளில் நாகேஸ்வரி புது வீட்டைக் கூட்டித் துடைப்பாள். ஆள் இல்லாத வீட்டில் அப்படி என்ன ஊத்தை சேரும் என்று அவளிடம் கேட்கக் கூடாது. செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, யன்னல்களைத் திறந்து, அறைகளையும் மண்டபத்தையும் துடைத்து, பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வருவாள். தன்னுடைய காற்சுவடுகூட உள்ளே இருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். பிறகு கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டிலுக்குப் போய் விறகடுப்பை ஊதத் தொடங்குவாள்.

அவளுடைய கணவர் மயில்வாகனம் அந்த நேரத்தில் புது வீட்டின் படியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பார். படிவரைக்கும் அவருக்கு அனுமதி உண்டு.

"இஞ்சேரும், கூட்டுறதுக்கு உள்ள போகலாம், படுக்கிறதுக்குப் போகக் கூடாதோ? இது எந்தச் சாத்திரத்தில இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"கூட்டுறது வேலை. படுக்கிறது குடிபூருறது. எங்கட பிள்ளை வந்து பால் காய்ச்சினாப் பிறகு ஆசை தீரப் படுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?"

உருத்திரபுரத்தில் அந்த ஒழுங்கையால் போகிறவர்கள் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு வீடு வடிவாகத்தான் இருந்தது. பிரான்சில் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்யும் மகன் கிருசாந்தன், தாய் தகப்பன் மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்று கட்டிய வீடு. வேலை எல்லாம் முடிந்து இரண்டு மாரி போய்விட்டது. ஆனால் கிருசாந்தனுக்கு இன்னும் அங்கே விசா சரிவரவில்லை. அது இல்லாமல் அவன் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. மகன் வராமல் குடிபூரல் இல்லை என்பது நாகேஸ்வரியின் முடிவு. ஆவணி என்றாள், தை என்றாள், வைகாசி என்றாள். மாதங்கள் வந்து போயின, மகன் வரவில்லை. பெரியவர்கள் இருவரும் கொட்டிலில் இருக்க, புத்தம்புதுக் கட்டில் பொலித்தீன் கழற்றாமல் வீட்டுக்குள் கிடந்தது.

மகனே பலமுறை சொல்லிப் பார்த்தான். "அம்மா, நீங்கள் ஐயரைக் கூப்பிட்டுக் குடிபூருங்கோ. நான் போனில பாக்கிறன்."

"போனில பாக்கிறதுக்கு இது என்ன படமே? நீ வா ராசா. நான் இருப்பன்" என்றாள் தாய்.

தான் இருப்பேன் என்று சொன்னாளே தவிர, பக்கத்தில் இருக்கிற மனிதரைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அவர்தான் இப்போது வாழ்க்கையை ஆசையோடு பார்க்கத் தொடங்கியிருந்தார். அறுபத்தாறு வயதில் அவருக்கு மூச்சிழுப்பு வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னபோது, இளந்தாரிக் காலத்திலிருந்து பழகிய சுருட்டை அன்றைக்கே விட்டார். விட்டதோடு நிற்கவில்லை. மாதர் சங்க மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பிலும் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் ஆம்பிளை அவர் ஒருவர்தான்.

"அண்ணை, ஐஞ்சில வளையாதது அறுபத்தாறில வளையப் போகுதோ?" என்று சந்திக்கடையில் நின்றவர்கள் முசுப்பாத்தி பண்ணினார்கள்.

"வளையாட்டிலும் பரவாயில்லை. முறியாமல் இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார் மயில்வாகனம்.

மனிதர் உண்மையிலேயே மாறினார். காலையில் வாய்க்கால் கரையால் நடந்தார். சீனியைக் குறைத்தார். வயல் வேலையைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் வாசிகசாலையில் பேப்பர் பார்த்தார். வயது போய்விட்டது என்பதற்காக வாழ்க்கையும் போய்விட வேண்டுமா என்று மனைவியிடம் கேட்பார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

கிளினிக்கில் டொக்டர் அவரை மெச்சினார். மெச்சிவிட்டு ஒன்று சொன்னார்: "ஐயா, நீங்கள் செய்யிறது எல்லாம் சரி. ஆனா அடுப்புப் புகையும் ஈரத்தரையும் உங்கட நெஞ்சுக்கு ஆகாது. மாரி வருகுது. படுக்க வேற அறை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு டொக்டர். திறப்புத்தான் என்னட்ட இல்லை" என்று மயில்வாகனம் சிரித்தார். பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி அவருடைய கையைக் கிள்ளினாள்.

நாகேஸ்வரியைத் திட்டுவது சுலபம். இதை எழுதும்போது எனக்கும் கோபம் வராமல் இல்லை. ஆனால் அவளுடைய நெஞ்சுக்குள் கிடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். யுத்தம் முற்றுவதற்கு முதல் அவர்கள் இதே காணியில் ஒரு கல்வீடு கட்டினார்கள். மாரி நெருங்கியதால் நாள் பார்க்காமல், பால் காய்ச்சாமல், அவசரமாகப் போய்ப் படுத்தார்கள். அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. கடைசி யுத்தத்தில் செல் குண்டு விழுந்து, மூத்தவள் சுதாஜினி தாயின் கண் முன்னாலேயே போனாள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை. அன்றிலிருந்து நாகேஸ்வரியின் மனதில் ஒரே கணக்குத்தான்: நாள் பார்க்காமல் குடிபூர்ந்ததால்தான் பிள்ளை போனாள். இந்த முறை மிஞ்சியிருக்கும் பிள்ளை பக்கத்தில் நிற்க, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கும் ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாள்.

மயில்வாகனம் ஒரே ஒருமுறைதான் அதற்குப் பதில் சொன்னார். "நாள் பாத்து, ஓமம் வளத்துக் குடிபூந்த வீடுகளும் இந்த ஊரில ஒண்டும் மிஞ்சேல்லையே நாகேஸ். செல் என்ன பஞ்சாங்கம் பாத்தே விழுந்தது?"

அவள் அன்று முழுக்கச் சாப்பிடாமல் அழுதாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவள் அழுதால் அவரால் தாங்க முடியாது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த அன்பும் அந்த வீட்டுக் கதவைப் பூட்டித்தான் வைத்தது.

கார்த்திகை மாதம் மழை விடாமல் கொட்டியது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கொட்டிலின் மண் தரை ஊறிச் சேறானது. உயரமாக அத்திவாரம் போட்டுக் கட்டிய புது வீட்டின் கீழ்ப்படியைக்கூட வெள்ளம் தொடவில்லை.

பொழுதுபடும் நேரம், கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்த மயில்வாகனத்துக்கு இருமல் விட்டுவிட்டு வந்தது. ஈர விறகு புகைந்தது.

"நாகேஸ், மழை விடுமட்டும் உள்ள படுப்பமே? கட்டில்கூட வேண்டாம். நிலத்தில பாயைப் போட்டுப் படுக்கிறன்."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பில் இருந்த முடிச்சைக் கையால் பிடித்தாள். அவிழ்க்கப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது பார்த்து மகனுடைய முகம் நினைவுக்கு வந்தது.

"தம்பியின்ர விசாக் கதை தையில முடியுதாம். இவ்வளவு நாளும் பொறுத்திட்டம். இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுங்கோ."

"சரி" என்றார் மயில்வாகனம். அவள் அவருக்கு நெஞ்சில் எண்ணெய் பூசி, இருந்த போர்வை எல்லாவற்றையும் எடுத்துப் போர்த்திவிட்டாள்.

விடிந்தபோது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. மூச்சு விசில் அடித்தது. மயில்வாகனத்தின் தங்கை ராஜினி அதே ஒழுங்கையில் இருப்பவள். அவளுடைய மகன் சதீஸ் உழவு மெசினில் ஏற்றி மெயின் றோட்டுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு சுவாசப்பையிலும் சளி இறங்கிவிட்டது என்றார்கள்.

வாட்டில் யன்னலோரம் அவருக்குக் கட்டில் கிடைத்தது. ஒட்சிசன் முகமூடியை ஒரு கையால் விலக்கிவிட்டு, நாகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார்.

"கட்டில் நல்லாயிருக்கு. காத்தும் வருது" என்றார்.

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த மனிதரும் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கட்டிலிலேயே அவர் உயிர் போனது.

உடலைக் கொண்டுவந்தபோதும் மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. "குடிபூராத வீட்டுக்குள்ள முதல் முதலாப் பிரேதத்தை ஏத்தக் கூடாது. பிறகு அந்த வீட்டில ஒருத்தரும் இருக்கேலாது" என்றாள் ராஜினி. வந்திருந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள். முற்றத்தில் பலகைகளை அடுக்கி, மேலே தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே மயில்வாகனத்தை வைத்தார்கள். காற்றடித்தபோது தூவானம் அவருடைய வேட்டியை நனைத்தது. பத்தடி தள்ளிப் புது வீடு பூட்டியே கிடந்தது. நாகேஸ்வரி ஈரமான துணியைத் தடவிக்கொண்டே இருந்தாளே ஒழிய, அப்போதும் திறப்பு முடிச்சை அவிழ்க்கவில்லை.

கொள்ளி வைத்தவன் சதீஸ். கிருசாந்தன் பிரான்சில் இருந்தபடி, யாரோ தூக்கிப் பிடித்த போனில் தகப்பனைப் பார்த்து, "அப்பா, அப்பா" என்று கதறினான். குடிபூரலைப் போனில் பார்க்கக் கூடாது என்று சொன்ன தாய், அந்தக் குரலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டுத் திரும்பி வந்த அன்று செவ்வாய்க்கிழமை. பின்னேரம். வந்த சனம் எல்லாம் கலைந்துவிட்டது. ராஜினி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"மச்சாள், இனி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நல்ல காரியம் ஒண்டும் செய்யேலாது. வீட்டுக் குடிபூரலும் ஒரு வருசம் தள்ளித்தான் வைக்கோணும். அதுக்கிடையில தம்பிக்கும் விசா கிடைச்சிடும். அப்ப எல்லாருமாச் சேந்து வடிவாச் செய்வம்."

நாகேஸ்வரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் எண்டா ஆர் ராஜினி?"



நாகேஸ்வரி எழுந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கால் சேற்றைக்கூடக் கழுவாமல் படியேறி, கதவைத் திறந்து உள்ளே போனாள். திரும்பி வந்து கொட்டிலில் இருந்த தலையணையைத் தூக்கினாள், சோற்றுப் பானையைத் தூக்கினாள். துடைத்துத் துடைத்துக் காத்த தரை எல்லாம் சேறாயிற்று.

"மச்சாள்! என்ன செய்யிறியள்? செவ்வாய்க்கிழமை, ராகு காலம்! செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்ச வீட்டில ஒரு நல்ல நேரம் பாக்காமல்…"

"எந்த நேரம் நல்ல நேரம்?" மண்டபத்தின் நடுவில் நின்று நாகேஸ்வரி கத்தினாள். அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அந்த மனுசன் சுருட்டை விட்டிட்டு வந்து நிண்ட நாள் நல்ல நாள் இல்லையே? காலமை காலமை இந்தப் படியில இருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்ட நாள் எல்லாம் கெட்ட நாளே? 'நிலத்தில படுக்கிறன், உள்ள விடும்' எண்டு என்னட்டக் கேட்டார் ராஜினி. நான் பொறுங்கோ எண்டன். 'சரி' எண்டிட்டுப் போட்டார்."

கட்டிலில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கையால் கிழித்து எறிந்தாள். வெறும் மெத்தையில் உட்கார்ந்தாள். தனக்கென்று அந்த வீட்டில் இனிமேல் ஓர் ஆசையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அதை இன்னொரு வருடம் பூட்டி வைக்க அவளால் முடியாது.

ராஜினி செருப்போடு வாசலில் நின்றாள். உள்ளே வருவதா, விடுவதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உள்ள வாரும்" என்றாள் நாகேஸ்வரி. குரல் இப்போது தணிந்திருந்தது. "எங்களுக்கு ஒரு வருத்தம், ஒரு நோய் இருக்கு ராஜினி. எல்லாத்தையும் பேந்து, பிறகு எண்டு தள்ளி வைக்கிறம். பிள்ளை வரட்டும், தை பிறக்கட்டும், கலியாணம் முடியட்டும் எண்டு சொல்லிச் சொல்லி, பக்கத்தில இருக்கிற சீவனைப் பாக்கிறேல்ல. வயசு எத்தினையா இருந்தால் என்ன, மனுசர் உயிரோட இருக்கிற நாள்தான் நல்ல நாள். உம்மட மனுசன் வீட்டில இருக்கிறார் எல்லே? போய் அவருக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டு, அதை இண்டைக்கே செய்து குடும். வாழுறதுக்கு நாள் பாத்துக்கொண்டு இருக்காதையும். சாவு நாள் பாத்து வாறேல்ல."