27/4, மாதா கோயில் ஒழுங்கை

"அந்த ஆறு வருஷத்தத் தூக்கு" என்றார் கிறிஸ்டியன் மாமா.

தூக்குவதற்கென்ன, ஒரு விரல் போதுமே. மாமாவே மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து அவளுடைய சுயவிபரக்கோவையில் இருந்த அந்தப் பத்தியை ஒரே தட்டில் அழித்துவிட்டார். கறுப்புப்பாறைத் தோட்டம், கீழ்ப் பிரிவு, பிள்ளைக்காம்பரா, நாற்பது குழந்தைகள், எல்லாம் போயின. விடியற்காலை வேலைக்கு ஓடும் தாய்மார் கையில் திணித்துவிட்டுப் போகும் குழந்தைகளை ஆறு வருஷமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, தொட்டிலாட்டி வளர்த்தவள் ஜெனிஸ்டா. அவள் கண்ணெதிரிலேயே அது நடக்காத காரியமாகிவிட்டது.

"அது இல்லாட்டி எங்கிட்ட வேற என்னா மாமா இருக்கு? இதுவும் புள்ளைங்களப் பாக்குற வேலதானே?"

கேட்டது நியாயம்தான். மாத்தளை டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு மேற்பார்வையாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் அம்மாவை ரப்பர் மலையிலிருந்து இறக்கிவிடலாம். சூசையம்மாவுக்கு முப்பத்தோரு வருஷமாகப் பால் வெட்டி வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கத்தி ஒருநாள் மரத்தை விட்டு விரலில் இறங்கப்போகிறது என்ற பயம் ஜெனிஸ்டாவை விட்டு நீங்கவேயில்லை. அதற்காகத்தான் அவள் இந்த வீட்டுப் படியை மிதித்தாள், இல்லாவிட்டால் இங்கே அவளுக்கு என்ன வேலை?

கூத்து என்னவென்றால், மாமா மடிக்கணினியில் எழுத வைத்த ஏ.ஐ. கூட அவள் பக்கம்தான் பேசியது. சுயவிபரக்கோவையில் எந்தப் பகுதியை முன்னுக்கு வைக்கலாம் என்று மாமா ஆரம்பத்தில் கேட்டதுமே பளிச்சென்று பதில் வந்தது. பிள்ளைக்காம்பரா அனுபவத்தை முதலில் போடுங்கள், அடுத்து முன்பள்ளி டிப்ளோமா, அடுத்து மூன்று மொழியும் பேசுவார் என்பது. சமயம், தகப்பன் தொழில் எல்லாம் தேவையேயில்லை, ஊர்ப் பெயர் மட்டும் போதும். ஜெனிஸ்டாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளுடைய ஆறு வருஷத்தை உலகத்தில் முதன்முதலாக மெச்சியது அந்த இயந்திரம்தான். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களும் மற்றவர்களும் அதைப் பீத்துணி துவைக்கும் வேலை என்றுதான் சொல்வார்கள்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "இதுக்கு ஊரு நெலம தெரியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். தோட்டத்து வாடையே வரக்கூடாது, டவுன் பிள்ளை மாதிரி எழுதிக் கொடு. அது மறுபடியும் சொன்னது: இந்த வேலைக்கு இவருடைய பலமே அந்த அனுபவம்தான், நீக்கினால் நஷ்டம். மாமா மூன்றாம் முறையும் தட்டினார். அதன் பிறகு அது என்ன செய்யும் பாவம், சொன்னபடி எழுதிக் கொடுத்தது. அதற்குச் சாதி தெரியுமா, தோட்டத்து வரிசை வீடான லயம் தெரியுமா? நம் மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து மினக்கெட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

விலாசத்தை மட்டும் மாமா அதனிடம் கேட்கவேயில்லை, தன் கையாலேயே போட்டார். 27/4, மாதா கோயில் ஒழுங்கை, மாத்தளை. அது அவருடைய வீடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தட்டச்சும் அச்சும் செய்து கொடுக்கும் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர் அவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சீவி என்கிற சுயவிபரக்கோவை அடித்துக் கொடுத்து, கூடவே தன் விலாசத்தையும் இரவல் கொடுப்பதை ஒரு தருமமாகவே செய்துவந்தார்.

"இந்த விலாசத்தால எத்தன புள்ளைங்களக் கரையேத்தியிருக்கேன் தெரியுமா?" என்றார். "லயத்து நம்பரப் பாத்தா கவரக்கூடப் பிரிக்க மாட்டானுங்க. அம்மா பேரும் வேணாம். சூசையம்மான்னு போட்டா அதுவே காட்டிக் குடுத்திரும்."

இத்தனையும் கேட்டபடி சூசையம்மா கதவோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல அங்கே ஆள் இல்லை. தம்பிக்கு என்று அவள் கொண்டுவந்த மிளகுப் பையை மட்டும் தம்பி பெண்சாதி அவசரமாக உள்ளே எடுத்துப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, "யாரு வந்திருக்கா?" என்று விசாரித்தாள்.

"ஒருத்தருமில்ல. தோட்டத்துல இருந்து மெளகு கொண்டாந்திருக்காங்க" என்றாள் அத்தை.

சீ! புருஷனோடு கூடப் பிறந்த நாத்தனார். இந்த மனுஷன் கொம்பியூட்டர் படிக்க டவுனுக்கு வந்த நாளில் அவள் ரப்பர் பால் வெட்டிய காசில்தான் அறை வாடகை கட்டினார். இன்றைக்கு அவள் மிளகு விற்க வந்தவளாகிவிட்டாள். ஜெனிஸ்டா அந்த வீட்டில் கொடுத்த தேநீரை அப்படியே தள்ளி வைத்தாள். மாமாவோ காதில் விழாதவர் போல எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா பேரு இல்லாட்டி என்னாடி," என்றாள் சூசையம்மா, மகளின் முகத்தைப் பார்த்து. "வேல கெடச்சா போதும். தம்பி செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

அந்தச் சொல்லுக்காகத்தான் ஜெனிஸ்டா வாயை மூடிக்கொண்டாள். அச்சாகி வந்த தாளை வாங்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, கல்யாண வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி. அவள் மட்டும் அதில் இல்லை.

பத்தாம் நாள் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது.

அம்மாவும் கூடவே வந்தாள். ஆனால் வாசல்வரை வரவில்லை. "என்னயப் பாத்தா ஒனக்குப் பாதகம்" என்று தெருமுனை பஸ் தரிப்பிடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம், நீயும் வா என்று மகள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நினைத்து உள்ளே போகும்வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

காத்திருந்த இடத்துக்கு அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு இளம்பெண்கள் பொம்மையை ஆட்டியும் பாட்டைப் போட்டும் பார்த்தார்கள், அது அடங்குவதாயில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்த ஜெனிஸ்டாவால் அதற்கு மேல் முடியவில்லை. போய்த் தூக்கி இடுப்பில் வைத்து, முதுகைக் கீழிருந்து மேலாக நீவிவிட்டாள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. குழந்தை அவள் தோளில் சாய்ந்து மூக்கை உறிஞ்சியது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் நிர்வாகி, பெர்னடெட் மிஸ். மடிப்புக் கலையாத சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக, ஜெனிஸ்டாவைத் தன் அறையில் உட்காரவைத்து முதல் ஐந்து கேள்வியையும் ஆங்கிலத்திலேயே கேட்டாள். ஜெனிஸ்டாவும் தட்டுத் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு மிஸ் சீவியை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள்.

"போன வருஷத்துல இருந்து இந்த ஒரே விலாசத்துல பதினொரு பேர் போட்டிருக்காங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரி வசனம். இருபத்தேழின் கீழ் நாலுல அத்தன பொம்பளப் புள்ளைங்களா?" என்றாள், இந்த முறை தமிழில்.

ஜெனிஸ்டாவுக்குக் காது சுட்டது. மாமா கரையேற்றிய லட்சணம் இதுதானா! மறைப்பதற்கென்று போட்ட விலாசம் நெற்றியில் குத்திய முத்திரையாகியிருக்கிறது. இந்த டவுனில் அந்த இலக்கத்தைப் பார்த்தாலே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

மிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். குரலும் தாழ்ந்தது, பேச்சும் மாறியது.

"பயப்புடாத புள்ள. எனக்கு அந்த விலாசம் மனப்பாடம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன நானும் கிறிஸ்டியன் அண்ணன் வீட்டுலதான் இருந்தேன், கடுதாசியில. அங்க போய் ஒரு வாய் தண்ணிகூடக் குடிச்சதில்ல. வெளிய நிக்குதே ரெண்டு புள்ளைங்க, அதுங்களும் அதே விலாசம்தான். ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கிட மாட்டா."

"மிஸ்... நீங்களும் தோட்டமா?"

"மெதுவாப் பேசு." அவள் கதவைப் பார்த்துக்கொண்டாள். "நீ எங்கயோ புள்ளக்காம்பராவுல இருந்திருக்க. தூக்குன வெதத்துலயே தெரிஞ்சிருச்சு. வேல ஒனக்குத்தான், திங்கக்கிழம வா. ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் இந்த விலாசம்தான். கிறிஸ்டியன் மகளுன்னு சொல்லு. அம்மா இந்தப் பக்கம் வரக்கூடாது. இங்க புள்ளய விடுறவங்கள்லாம் பெரிய எடத்து ஆளுங்க. தோட்டத்துக் கை அவங்க புள்ளைக்குச் சோறு ஊட்டுதுன்னு தெரிஞ்சா மறுநாளே கூட்டிட்டுப் போயிருவாங்க."

வேலை கிடைத்துவிட்டது! அம்மாவின் நடுங்கும் கைக்கு இனி கத்தி இல்லை. ஆம் என்று ஒரு தலையாட்டு போதும். ஜெனிஸ்டா ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் 'தோட்டத்துக் கை' என்று சொன்னபோது பெர்னடெட் மிஸ் தன் கைகளையே மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள், பழக்கதோஷத்தில். அதைப் பார்த்ததும் ஜெனிஸ்டா தன் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அழுக்கும் பீயும் வாந்தியும் ஆறு வருஷமாக அளைந்த கைகள் அவை.

"ஒண்ணு கேக்கலாமுங்களா மிஸ்? ஒங்களுக்கு மொத மொத சோறு ஊட்டுனது யாரு கைங்க?"

மிஸ் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசையிலிருந்த பேனாவை ஜெனிஸ்டா எடுத்தாள். தன் சீவியைத் தன் பக்கம் திருப்பி, 27/4-ஐக் கோடிட்டு வெட்டினாள். மேலே எழுதினாள்: ஏழாம் லயம், தொங்கல் காம்பரா, கறுப்புப்பாறைத் தோட்டம், கீழ்ப் பிரிவு. தாய்: சூசையம்மா, பால் வெட்டுத் தொழிலாளி. அனுபவம்: பிள்ளைக்காம்பராவில் ஆறு வருஷம். அந்த ஏ.ஐ. முதலில் மெச்சிய அனுபவம் மறுபடியும் தாளுக்கு வந்துவிட்டது. தாளைக் கோப்பின் மேலே வைத்தாள்.

"இதயும் அதுலயே வச்சிக்கங்க மிஸ். இதப் பாத்துட்டும் வேணும்னா கூப்புடுங்க. திங்கக்கிழம வர்றேன், எங்கம்மாவோட."

"பைத்தியக்காரி, கூப்புட முடியாதுன்னு ஒனக்கே தெரியும்" என்றாள் பெர்னடெட் மிஸ். கோபம் பாதி, கெஞ்சல் பாதி. கை இன்னும் மேசைக்குக் கீழேதான் இருந்தது.

தரிப்பிடத்தில் சூசையம்மா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பால் தோளை மூடியிருந்தாள், ரப்பர் பால் வாடை யாருக்கும் அடிக்கக்கூடாது என்று.

"கெடச்சிருச்சாடி?"

"இல்லம்மா. விலாசம் பொய்யா இருந்திச்சு. திருத்திக் குடுத்துட்டு வந்தேன்."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. திட்டப்போகிறாள் என்று ஜெனிஸ்டா காத்திருந்தாள். தோட்டத்துப் பக்கம் போகும் ரத்தோட்டை பஸ் வந்து நின்றது, இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் டவுனைத் தாண்டியபிறகு சூசையம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"எம்பேர எழுதுனியா?"

"எழுதுனேன்."

சூசையம்மா தோளிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டாள். மறுநாள் விடியற்காலை அவளுக்கு மலையில் வேலை இருந்தது.