சித்தி வந்தா அடி விழும்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டிவரும் அதிகாரியம்மாவுக்குத் தன் காதின் மேல் அபார நம்பிக்கை. குழந்தை அரை வாக்கியம் பேசினால் போதும், மீதி அரையைத் தானே போட்டுக்கொள்வார். அந்த மீதி அரையில்தான் வினையே இருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வகுப்பெடுப்பவரும் சாட்சாத் அவரேதான்.

அன்று பதினோரு மணிக்கு வந்தவள் பட்டாணி. பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விடுப்பில் போயிருந்தன. பெயிண்ட் கையைக் கழுவிவிட டீச்சர் அவள் சட்டைக் கையை மடித்தபோது, மேல்கையில் நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருப்பது தெரிந்தது. டீச்சர் தலைமையாசிரியருக்குக்கூடக் காத்திருக்காமல் போனை எடுத்துவிட்டார். டாக்டர் பார்த்தாயிற்று. பெரியவர் யாரோ இறுக்கிப் பிடித்த தடம் என்று எழுதியும் கொடுத்தாயிற்று. அந்தப் பெரியவர் யார் என்பதுதான் பாக்கி.

அலுவலகத்தின் பொம்மைக் கூடையில் மூன்று சக்கர லாரி ஒன்றும், ஒரு காது போன கரடி ஒன்றும் உண்டு. பட்டாணி கரடியை எடுத்துக்கொண்டாள். அரைமணி நேரம் அதன் ஒற்றைக் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அதிகாரியம்மாவிடம் இல்லை, கரடியிடம் சொன்னாள்:

"சித்தி வந்தா அடி விழும்."

அதிகாரியம்மாவுக்கு அது போதும். படிவத்தில் 'தாய்' என்ற இடத்தில் 'காலமானார்' என்று இருந்தது. அம்மா இல்லை, சித்தி இருக்கிறாள், அடி விழுகிறது. எத்தனை சினிமா பார்த்திருக்கிறார்! 'ஆபத்து யாரால்' என்ற கட்டத்தில் 'சித்தி' என்று குண்டுகுண்டாக எழுதி, கீழே கோடும் இழுத்தார்.

தகவல் கிடைத்து ஓடிவந்த அப்பா லிஃப்ட் மெக்கானிக். தலை கலைந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. அதிகாரியம்மா அவருக்குத் தன் பாட்டிலிலிருந்தே தண்ணீர் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் மனிதர். குழந்தையைச் சித்தியிடம் தனியாக விடமாட்டேன் என்று ஓர் உறுதிமொழி. கையெழுத்துப் போட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், நாளைக்கு வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று ஏற்பாடு. அவர் பேனாவைத் திறந்தபடியே சொன்னார்:

"தனியா விடறது என்னங்க மேடம், இனிமே அவளை வாசப்படியே மிதிக்க விடமாட்டேன்."

பாதி ஆட்டிய தலையை அதிகாரியம்மா அப்படியே நிறுத்தினார். கட்டிய பெண்டாட்டியை எப்படி வாசற்படி மிதிக்க விடாமல் இருப்பது? அவள் படிக்கு உள்ளே அல்லவா இருப்பாள்? மூலையில் பட்டாணி, கரடியை நாற்காலிக்கு அடியில் தள்ளி, பின்னாலேயே தானும் நுழைந்துகொண்டிருந்தாள்.

அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவளும் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கையும் சித்தி. இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்த புண்ணியவான்கள் இந்தப் படிவத்தை நிரப்பியதே இல்லை. பதினேழு வருடம் நிரப்பியவருக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

உறுதிமொழித் தாளை நைசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடையாள அட்டைக்கு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் வேண்டும், கடை தெருமுனையில் என்றார். ஜெராக்ஸ் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. எந்த அலுவலகத்துக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. அப்பா கிளம்பினார்.

அதிகாரியம்மா முட்டி மடித்துத் தரையில் உட்கார்ந்தார். முட்டி கண்டனம் தெரிவித்தது. ஒரு தாளில் வீடு வரைந்து, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"இந்த வீட்ல ராத்திரி யாரெல்லாம் படுத்துப்பாங்க கண்ணு?"

நாற்காலிக்கு அடியிலிருந்து கை நீண்டு, பேனாவை வாங்கி வரைந்தது. பெரிய பாய் ஒன்று, சின்னப் பாய் ஒன்று. அவ்வளவுதான்.

"சித்திக்குப் பாய்?"

"சித்தி அவங்க வீட்ல இருப்பாங்க." இதுகூடத் தெரியாதா என்பது போல ஒரு பார்வை.

"சித்தி வந்தா என்ன நடக்கும்? நீயே சொல்லு."

"சித்தி வந்தா நான் நிறையப் பேசுவேன்ல? அவங்க போனப்புறம் என்ன சொன்னே, என்ன சொன்னேன்னு அப்பா..." வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கரடியின் கையைப் பிடித்து இறுக்கிக் காட்டினாள்.

இந்தத் தடவை மீதி அரையை அதிகாரியம்மா போட்டுக்கொள்ளவில்லை. காட்டியதைக் காட்டியபடியே எழுதிக்கொண்டார்.

ஜெராக்ஸுடன் திரும்பிய அப்பாவை நிற்க வைத்தே விஷயத்தைச் சொன்னார். மனிதர் முதலில் மறுத்தார், பிறகு குரலை உயர்த்தினார், கடைசியில் மேஜையைத் தட்டினார். அந்த மேஜை இப்படி எத்தனையோ கைகளைப் பார்த்தது.

"என் பொண்ணுங்க அவ."

"உங்க பொண்ணுதான். அதுல மாத்தமில்ல. இன்னிக்கு அவ உங்ககூட வரல. வெள்ளிக்கிழமை குழந்தைகள் நலக் குழு முன்னாடி வாங்க, உங்க பக்கத்தையும் கேப்பாங்க. அதுவரைக்கும் பாக்கணும்னா இங்க, என் கண்ணெதிர்லதான்."

சித்தியின் நம்பரை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தாள் பட்டாணி. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் அரைமணியில் ஈரக் கையோடு வந்து நின்றாள். கதையைக் கேட்டதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் போயிட்டு வந்தா, அடுத்த தடவை அவ சுருங்கிடுவா மேடம். என்னைப் புடிக்கலையோன்னு நினைச்சு, போறதையே குறைச்சிட்டேன்."

அதிகாரியம்மாவின் நெஞ்சு வெண்ணெய்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவை உருக அவர் தயாராக இல்லை. குழந்தையை, காலையில் கூட்டிவந்த டீச்சரிடமே விட்டுவிட்டு, சித்தியின் வீட்டுக்கே போனார். அடுப்பைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பத்து நிமிடம் நின்று பேசினார். குழுத் தலைவியைப் போனில் பிடித்து, காலையில் தான் செய்த கூத்தையும் மறைக்காமல் ஒப்பித்தார். கூத்துக்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வரை பட்டாணி சித்தியிடம் இருக்க உத்தரவும் கிடைத்தது.

படிவத்தில் குண்டுகுண்டாக எழுதியதை அடித்து, 'பாதுகாப்பானவர்' என்ற கட்டத்தில் அதே வார்த்தையை எழுதினார். பக்கத்தில் 'தாயின் தங்கை' என்று சேர்த்தார். அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்து: தப்பு என்னுடையது என்பதற்கு அலுவலகத்தில் அவ்வளவுதான் இடம்.

சாயங்காலம் படியிறங்கும்போது, ஒரு கையில் சித்தியும் மறு கையில் கரடியுமாகப் பட்டாணி நின்று திரும்பினாள்.

"இனிமே சித்தி வந்தா?"

"சித்தி எங்க வர்றது? நீதானே அங்க இருக்கப் போறே" என்றார் அதிகாரியம்மா.

அதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை என்று பட்டிருக்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து இரண்டு காலாலும் ஒன்றாகக் குதித்தாள்.