குளிர் அறையின் பூஜ்யங்கள்

குளிர் அறையில் பால் திரிந்துபோயிருந்தது. எக்செல் தாளோ சராசரி நான்கு டிகிரி, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெப்பநிலையை அளந்து அதில் பதிவுசெய்கிற என் மச்சினனைக் கூப்பிட்டேன்.

"நடுவுல இத்தனை பூஜ்யம் எங்கேருந்து வந்துச்சு?"

"தெர்மாமீட்டர்ல பேட்டரி தீர்ந்துபோச்சு மாமா. அளக்க முடியல, அதான் பூஜ்யம் போட்டேன்."

"பூஜ்யம் டிகிரின்னா ஐஸ்டா! அளக்கலன்னா காலியா விட வேண்டியதுதானே?"

"காலியா விட்டா மேனேஜர் உயிரை எடுப்பாரே!"

மேனேஜர் எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அளந்த நாள்கள் மட்டும் மிஞ்சின. சராசரி ஏழுக்கு ஏறியது, பச்சை சிவப்பானது.

"இப்ப அந்தக் கட்டத்துல எல்லாம் என்ன போடறது?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் போடாதீங்க சார். நமக்குத் தெரியாதுன்னு அதுவாவது சொல்லட்டும்."

நியாயம்தான் என்று மேனேஜர் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தச் சிவப்பை மட்டும் பச்சையா மாத்த முடியுமா?"