பூஜ்யம் வந்தால் மூடு

1

இந்தக் கதை ஒரு சமன்பாட்டிலிருந்து பிறந்தது என்றால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால், ஒரு தொட்டியிலிருந்து பிறந்தது என்று சொல்லிவைக்கிறேன். ஈஸ்ட் வளர்க்கும் எஃகுத் தொட்டி. அதற்குச் சர்க்கரைக் கரைசல் விடும் வால்வுக்குக் கணினியில் கட்டளை எழுதுகிறவள் என் நாயகி. [நாயகி என்ற சொல் அவளுக்குப் பொருந்தவில்லை. பொறியாளர் என்றே இருக்கட்டும்.]

2

"மதிய வெயிலில் புகைபோக்கி தன்னந்தனியாக..." வேண்டாம். புகைபோக்கிக்கு என்ன தனிமை?

நடந்தது இதுதான். எதை எப்போது எவ்வளவு விட்டால் விளைச்சல் அதிகம் என்று சொல்லும் உகந்த கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில், ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் எண் உண்டு. அது நேர்மமாக இருந்தால் வால்வை முழுக்கத் திற. எதிர்மமானால் முழுக்க மூடு. அந்த எண்களை முன்கூட்டியே கணக்கிட்டுக் கணினியில் ஏற்றியவள், பூஜ்யம் வந்தால் 'மூடு' என்று எழுதினாள். பூஜ்யம் ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாள். அது சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வால்வு மூடியே கிடந்தது. ஈஸ்ட் பட்டினியில் செத்தது.

"தொட்டி என்ன பாவம் பண்ணுச்சு மேடம்?" என்றார் மேற்பார்வையாளர்.

"பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டேன் சார்."

"பின்ன என்னவாம்?"

"'எனக்குத் தெரியாது, வேற எடத்துல கேளு'ன்னு அர்த்தம்."

3

(இதைத் தாவிவிடலாம். நானே இருமுறை தாவினேன்.) பூஜ்யம் உட்கார்ந்த இடத்தில் 'திற, மூடு' விதி வாய்மூடிக்கொள்ளும். சரியான விடை திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. நடுவில் எங்கோ இருக்கிறது. அந்தப் பூஜ்யம் எதனால் பூஜ்யமாகவே நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஒருமுறை வகைக்கெழு எடுத்தால், அதாவது அந்த எண் மாறும் வேகத்தைக் கணக்கிட்டால், சமன்பாட்டில் வால்வு தென்படாது. இன்னொரு முறை எடுத்தால் தென்படும்.

4

அன்று மதியமே அவள் கணவன் தொலைபேசியில் அழைத்தான். இரண்டு வருடமாக அவனுக்கு வேறு ஊரில் வேலை. இன்னும் மூன்று வருடத்துக்கான ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கையெழுத்துப் போடவா, இல்ல அங்கயே வந்துடவா?"

அவள் பேசவில்லை.

"சரி, புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"வேணாங்கற. அதான் வாயத் தொறக்கல."

"அப்படி இல்ல."

"அப்ப வான்னு சொல்லு."

"அப்படியும் இல்ல."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு தாயே! பாதிக் கையெழுத்தா போட முடியும்?"

[உவமை தானாக வந்து மடியில் ஏறுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. மனிதன் வால்வு இல்லை. ஆனால் அவளுக்கும் அது தோன்றியதே, நான் என்ன செய்ய?]

5

முதல் முடிவு: 'வாங்க' என்றாள். அடித்துவிட்டேன். எனக்கே தித்திக்கிறது.

இரண்டாவது: போனை வைத்துவிட்டாள். அதில் என் அலுப்புதான் தெரிகிறது.

மூன்றாவதை அவளே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா நாம சேரவும் இல்ல, பிரியவும் இல்ல. எது நம்மள இப்படியே நிறுத்தி வச்சிருக்கு? அத மொதல்ல சொல்லுங்க."

இப்போது மறுமுனையில் அவன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அவள் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பது இனி உங்கள் பாடு. அவசரப்பட்டு, வேண்டாம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள்.